எங்கள் வீட்டுக்கு எத்தனை டன்?

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



சென்ற ஆண்டு சித்திரை மாதம். என் அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி அக்னி நட்சத்திரத்தின் நட்டநடுவில் விழுந்தது. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மே மாதம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே யாருக்கும் புதுச் செய்தி அல்ல. பச்சைக் குழந்தையை இந்த அனலில் எப்படி வைத்துக்கொள்வது என்று அம்மாவுக்கு ஒரே கவலை. மண்டியில் மூட்டை தூக்கும் என் அப்பா, அம்மாவின் இரண்டு வளையல்களை அடகு வைத்து ஒரு ஏ.சி. வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீதான் மிஷினு படிக்கிறியே, எது வாங்கணும்னு நீயே சொல்லுடா" என்றார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் படிப்பை நம்பி வீட்டில் பணம் செலவாகப் போவது அதுதான் முதல் தடவை. அந்தக் கணக்கை நான் எப்படிப் போட்டேன், எங்கே தப்பு செய்தேன், எப்படித் திருத்தினேன் என்பதுதான் இந்தக் கட்டுரை. நாளைக்கு உங்கள் வீட்டிலும் இதே கேள்வி வரும். அப்போது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஏ.சி. குளிரைத் தயாரிக்கிறதா?

இல்லை. முதலில் இந்த எண்ணத்தை விட வேண்டும். கிணற்று மோட்டார் தண்ணீரைத் தயாரிப்பதில்லை. கீழே இருப்பதை மேலே ஏற்றுகிறது. அதேபோல ஏ.சி. என்பது வெப்பத்தை ஏற்றும் மோட்டார். 'ஹீட் பம்ப்' என்று பாடத்தில் வருவது இதுதான். உள்ளே 26 டிகிரியில் இருக்கும் வெப்பத்தை எடுத்து, வெளியே 40 டிகிரியில் இருக்கும் காற்றில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. வெப்பம் தானாக மேட்டில் ஏறாது. கம்ப்ரஸர்தான் அதை ஏற்றுகிறது.

உள்ளே இருக்கும் காயிலில் குளிர்பதன வாயு கொதித்து வெப்பத்தை உறிஞ்சும். கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்கும். வெளி யூனிட்டில் அது வெப்பத்தை விட்டுத் திரவமாகும். பிறகு விரிவு வால்வு வழியாக அழுத்தம் குறைந்து மறுபடி உள்ளே வரும். ஏற்றுவதற்கு மட்டும்தான் மின்சாரம் என்பதால், 1 கிலோவாட் மின்சாரத்தில் 3 கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தை இடம் மாற்ற முடிகிறது. மேடு எவ்வளவு உயரமோ அவ்வளவு மின்சாரம் ஆகும். 24 டிகிரியில் வைப்பதை விட 18 டிகிரியில் வைத்தால் ஏன் பில் ஏறுகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

இதே மெஷினில் வாயு ஓடும் திசையைத் திருப்பிவிட ஒரு வால்வு வைத்தால், வெளி வெப்பத்தை உள்ளே கொண்டுவந்து அறையைச் சூடாக்கும். 1852-லேயே கெல்வின் பிரபு இந்த யோசனையை எழுதி வைத்திருக்கிறார். ஊட்டி, கொடைக்கானல் பக்கத்து நண்பர்களுக்கு இந்த 'ஹாட் அண்ட் கோல்டு' மாடல் பயன்படும். காயில் ஹீட்டரில் 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பம்தான் வரும். இதில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வரும். நம் வேலூருக்கு அந்த வசதி தண்டச் செலவு.

டன் என்றால் எடையா?

ஏ.சி.யின் எடை என்று எங்கள் தெருவில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலாமாண்டில் நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் இது ஐஸ் வியாபாரத்திலிருந்து வந்த கணக்கு. மெஷின் வருவதற்கு முன்னால் ஏரியில் உறைந்த ஐஸை வெட்டிக் கப்பலில் ஏற்றி விற்றார்கள். அமெரிக்காவிலிருந்து சென்னைக்கும் அப்படி ஐஸ் வந்தது. அதைச் சேமிக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று கடற்கரையில் இருக்கும் விவேகானந்தர் இல்லம். 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பம் எடுத்துக்கொள்ளுமோ அதுவே 1 டன். நம் அளவில் சொன்னால் ஏறக்குறைய 3,500 வாட். பி.டி.யு. கணக்கில் மணிக்கு 12,000.

ஆகவே "எத்தனை டன்?" என்ற கேள்விக்கு, "வெயில் உச்சத்தில் என் அறைக்குள் எத்தனை வாட் வெப்பம் நுழைகிறது?" என்பதுதான் அர்த்தம்.

கடையில் நடந்தது

அப்பாவும் நானும் இரண்டு கடைகள் ஏறினோம். முதல் கடையில், "ரூம் எத்தனை சதுர அடிங்கய்யா?" என்று கேட்டார்கள். பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி என்றோம். "அப்ப ஒரு டன் போதும்" என்றார்கள். இரண்டாவது கடையில், "ரெண்டு டன்னாவே போட்டுக்கங்க, சீக்கிரம் ஜில்லுனு ஆயிடும்" என்றார்கள். சதுர அடியைத் தவிர இரண்டு கடையிலும் வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இரண்டு டன் ஏன் கூடாது? ஒன்று, விலை. இரண்டாவது, தேவைக்கு மீறிய மெஷின் சீக்கிரம் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றில் உள்ள ஈரத்தைப் பிழிய காயில் தொடர்ந்து ஓட வேண்டும். அது நடக்காததால் அறை ஜில்லென்று இருந்தும் பிசுபிசுக்கும். இன்வெர்ட்டர் மாடல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்றாலும் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. அதற்குக் கீழே தேவை போனால் அதுவும் நின்று நின்றுதான் ஓடும்.

"பாருப்பா, முதல் கடைக்காரர் சொன்னதுதான் சரி. நான் காலேஜ்லயே கணக்குப் போட்டிருக்கேன். ஒரு டன்தான் வருது" என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மறுநாள் அட்வான்ஸ் கட்டுவது என்று முடிவானது.

ஓர் உண்மை

நான் சொன்ன காலேஜ் கணக்கு என்ன தெரியுமா? குளிர்பதனம் எடுக்கும் எங்கள் சார், "அவனவன் வீட்டில் ஒரு ரூமை அளந்து ஹீட் லோடு போட்டு வா" என்று அசைன்மென்ட் கொடுத்திருந்தார். அறையின் நீள அகலத்தைச் சரியாகத்தான் அளந்தேன். ஜன்னலை அளந்தேன். கூரை என்ற இடத்தில் மட்டும் '5 அங்குல கான்கிரீட்' என்று எழுதினேன்.

எங்கள் வீட்டுக்குக் கான்கிரீட் கூரை இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்.

பாடப்புத்தகத்தில் வரும் வீடு எல்லாமே கான்கிரீட் வீடுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷீட் என்று எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான். பத்துக்கு ஒன்பது மார்க்கும் வந்தது. அன்று இரவு ஷீட்டுக்குக் கீழே படுத்துக்கொண்டு, மேலிருந்து இறங்கும் அனலைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அம்மாவின் வளையல்கள் நான் எழுதிய பொய்க் கூரைக்கு அடியில் போகப் பார்த்தன. எழுந்து உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் மறுபடி கணக்குப் போட்டேன்.

கணக்குப் போடும் முறை

கூரை, சுவர் வழியாக வரும் வெப்பத்துக்குச் சூத்திரம் ஒன்றுதான்:

வெப்பம் (வாட்) = யு மதிப்பு × பரப்பு (சதுர மீட்டர்) × வெப்பநிலை வித்தியாசம்

யு மதிப்பு என்பது அந்தப் பொருள் வெப்பத்தை எவ்வளவு எளிதாக உள்ளே விடுகிறது என்பது. குறைந்தால் நல்லது. வித்தியாசம் என்று போடும்போது வெளிக்காற்றின் சூட்டை மட்டும் பார்க்கக் கூடாது. வெயில் நேராக அடிக்கும் கூரை, காற்றை விட மிக அதிகமாகச் சுடும். அதற்கான கூடுதலையும் சேர்க்க வேண்டும்.

வெளியே 40 டிகிரி, உள்ளே 26 டிகிரி, பிற்பகல் 3 மணி என்று எடுத்துக்கொண்டேன். அறை 120 சதுர அடி, அதாவது 11 சதுர மீட்டர். உயரம் 9 அடி.

1. கூரை (ஷீட்): 5 × 11 × 35 = 1,925 வாட்
2. வெயில் படும் இரண்டு சுவர்கள் (9 அங்குலச் செங்கல்): 2 × 17 × 12 = 408 வாட்
3. உள்பக்கச் சுவர்கள்: 2 × 18 × 5 = 180 வாட்
4. மேற்கு ஜன்னல் (4 அடிக்கு 3 அடி, உள்ளே திரை): சுமார் 300 வாட்
5. ஆட்கள் 4 பேர், ஆளுக்கு 115 வீதம்: 460 வாட்
6. ஃபேன், லைட் முதலியன: 120 வாட்
7. இடுக்குகள் வழியாக நுழையும் வெளிக்காற்று, அதன் ஈரம் உட்பட (மணிக்கு இரண்டு முறை அறைக் காற்று மாறுவதாகக் கொண்டு): 540 வாட்

மொத்தம் 3,933 வாட். பத்து சதவீதம் கூட்டினால் சுமார் 4,330 வாட். இது ஒன்றேகால் டன்.

அசைன்மென்டில் நான் எழுதியிருந்த கான்கிரீட் கணக்கில் கூரை வழியாக 800 வாட், காற்று வழியாக 270 வாட், மொத்தம் 2,538. பத்து சதவீதம் சேர்த்தும் 2,800-க்குள் அடங்கியது. ஒரு டன் மெஷினுக்கு அது சுலபம். உண்மையான எங்கள் வீட்டில் அதே ஒரு டன் மெஷினைப் பொருத்தியிருந்தால், பகல் பூராவும் முழு வேகத்தில் ஓடியும் அறை குளிர்ந்திருக்காது. "தம்பி சொன்னானேன்னு வாங்கினோம்" என்று அப்பா ஒரு வார்த்தை கூட சொல்லியிருக்க மாட்டார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மெஷின் மீது எழுதியிருக்கும் திறன் வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. வெளியே 40, 42 என்று ஏறினால் அந்தத் திறன் குறையும். சுமார் பத்து சதவீதம் போய்விடும் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆக ஷீட் வீட்டுக்கு ஒன்றரை டன் இல்லாமல் முடியாது.

கூரையா, மெஷினா?

மறுநாள் அப்பாவிடம், "இன்னிக்கு அட்வான்ஸ் வேணாம்பா, ஒரு நாள் பொறு" என்று சொல்லிவிட்டு நேராக சாரிடம் போனேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. அசைன்மென்டை எடுத்து, ஒன்பதை ஏழாக்கினார். பிறகு என் புதுக் கணக்கைப் பார்த்துவிட்டு, "இதுல எந்த வரி பெருசா இருக்கு?" என்று கேட்டார். "கூரை சார்." "அப்ப எதுக்கு மொதல்ல காசு போடணும்?" என்றார். அவ்வளவுதான் பாடம்.

நண்பர்களே, லோடு கணக்கு போடுவது டன் எண்ணைக் கண்டுபிடிக்க மட்டும் அல்ல. வெப்பம் எந்த வழியாக வருகிறது என்று காட்டுவதற்கும்தான். எங்கள் 3,933 வாட்டில் பாதி கூரை வழியாக வருகிறது. அந்தப் பாதிக்கு ஆயுசுக்கும் கரண்ட் பில் கட்டுவதா, ஒரே தடவை கூரைக்குச் செலவு செய்வதா?

நாங்கள் செய்தவை:

முதலாவது, ஷீட்டின் மேல் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு. அப்பாவும் நானும் விடியற்காலையில் ஏறி அடித்தோம். இங்கே ஓர் எச்சரிக்கை. ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. காய்ந்த ஷீட்டைத் தேய்க்கவோ, அறுக்கவோ, துளை போடவோ கூடாது. தண்ணீர் விட்டு நனைத்து, முகமூடி கட்டிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். ஷீட்டின் மேல் நேராகக் கால் வைத்தால் உடைந்துவிடும். பலகை போட்டு அதன்மேல்தான் நின்றோம்.

இரண்டாவது, சுவரிலிருந்து சுவருக்குச் சட்டம் கொடுத்து ஜிப்சம் போர்டு ஃபால்ஸ் சீலிங். அதன்மேல் 50 மில்லிமீட்டர் கிளாஸ் வுல். வெறும் தெர்மாகோல் ஒட்டினால் விலை குறைவுதான். ஆனால் அது எளிதில் தீப்பிடிக்கும் என்று சார் தடுத்துவிட்டார்.

மூன்றாவது, மேற்கு ஜன்னலுக்கு வெளியே தென்னங்கீற்றுத் தட்டி. உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட பிறகு தடுக்கிறோம். வெளியே தட்டி கட்டினால் வருவதற்கு முன்பே தடுக்கிறோம். கதவு ஜன்னல் இடுக்குகளையும் அடைத்தோம்.

இப்போது கணக்கு: கூரையின் யு மதிப்பு 5-லிருந்து 0.6 ஆகிவிட்டது. 0.6 × 11 × 20 = 132 வாட். ஜன்னல் 150. காற்று 270. மற்றவை பழையபடி. மொத்தம் 1,720, பத்து சதவீதம் சேர்த்து சுமார் 1,900 வாட். ஏறக்குறைய அரை டன்!

அப்படியானால் ஏன் 0.8 டன் வாங்கவில்லை என்று கேட்கலாம். வெளியே 42 டிகிரி ஏறும்போது திறன் குறையும். பகலெல்லாம் சூடேறிய சுவரையும் குளிர்விக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, குழந்தை பார்க்க வரும் உறவுக்காரர்கள்! ஆளுக்கு 115 வாட் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே 1 டன் இன்வெர்ட்டர் என்று முடிவு செய்தோம். கடைக்காரர் முதலில் சொன்ன அதே ஒரு டன்தான். ஆனால் இப்போது அது சரியான விடை.

மெஷின் தேர்வு

லேபிளில் மூன்று விஷயங்களைப் படியுங்கள். ஒன்று, குளிர்விக்கும் திறன் வாட்டில். '1 டன்' என்ற பெயரில் வரும் எல்லாம் 3,500 வாட் இருப்பதில்லை. சில குறைவாகவே இருக்கும். இரண்டு, ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண். ஒரு பருவம் முழுக்க ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பத்தை வெளியேற்றுகிறது என்று இது சொல்கிறது. கூடினால் நல்லது. மூன்று, வருடத்துக்கு எத்தனை யூனிட் என்பது. இது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. லேபிள் எந்த ஆண்டுக்குரியது என்றும் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது கடினமாக்குவதால் பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல.

பில் கணக்கு: எண் 4 என்று கொள்வோம். 1,900 வாட்டை 4-ஆல் வகுத்தால் 475 வாட். தினம் 8 மணி நேரம், 60 நாளைக்கு 228 யூனிட். கூரையைச் சரிசெய்யாத 4,330 வாட்டுக்கு அதே கணக்கில் சுமார் 520 யூனிட். இது உச்ச வெயில் கணக்கு. இரவில் இரண்டுமே குறையும். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஸ்லாப் ஏற ஏற ஒரு யூனிட்டின் விலையும் ஏறுவதால் பில் வித்தியாசம் இதைவிடப் பெரிதாக இருக்கும்.

பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள்

நல்ல மெஷினையும் மோசமாகப் பொருத்தினால் கெட்டுவிடும். வெளி யூனிட்டைச் சுற்றிக் காற்று தாராளமாக ஓட வேண்டும். நிழலில் வைக்கலாம், மூலையில் அடைக்கக் கூடாது. தண்ணீர் குழாய்க்குச் சரிவு வேண்டும். குழாய் இணைத்த பிறகு வாக்குவம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சிய பின்தான் வாயு வால்வைத் திறக்க வேண்டும். அவசரக்காரர்கள் கொஞ்சம் வாயுவை விட்டே காற்றைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். இன்று அதிகம் வரும் ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது. அந்தக் குறுக்கு வழிக்கு விடாதீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் பம்ப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தார். "அண்ணே, வாக்குவம் போடுங்க, நான் வெயிட் பண்றேன்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய் எடுத்து வந்தார்.

மின்சாரத்துக்குத் தனி ஒயர், தனி எம்.சி.பி., சரியான எர்த் கட்டாயம் வேண்டும். ஃபேன் பாயின்ட்டிலிருந்து இழுக்கும் வேலை ஆகவே ஆகாது.

முடிவாக

மெஷின் வருவதற்கு முன்பே, சீலிங் முடிந்த அன்று பிற்பகலில் தெர்மாமீட்டரை மாட்டிப் பார்த்தேன். ஏ.சி. போடாமலேயே அறை முன்னை விட 4 டிகிரி குறைந்திருந்தது. பாட்டி உள்ளே வந்து நின்று மேலே பார்த்துவிட்டு, "மிஷினு வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

வைகாசி பிறந்து நாலாம் நாள் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அறையை 26 டிகிரியில் வைத்து, காற்று தொட்டில் மேல் நேராக அடிக்காதபடி திருப்பிவிட்டோம். ஃபேனும் மெதுவாக ஓடியது. இரண்டு மாத பில் வந்தபோது அப்பா அதை என்னிடம்தான் கொடுத்தார், "நீ பாத்து சொல்லு, சரியா இருக்கா?" என்று. சரியாகத்தான் இருந்தது. ஒரு வளையலை தை மாதம் மீட்டுவிட்டோம். இன்னொன்று பாக்கி இருக்கிறது.

நண்பர்களே, நம்மில் பலருக்கு ஷீட் வீடு, ஓட்டு வீடு, கூரை வீடு. அசைன்மென்டில் அதை அப்படியே எழுதுங்கள். ஓட்டுக்கு ஒரு யு மதிப்பு உண்டு, ஷீட்டுக்கும் உண்டு. புத்தகத்தில் இல்லாவிட்டால் சாரிடம் கேட்டு எழுதுங்கள். நாம் படித்த படிப்பு முதலில் பயன்பட வேண்டியது நம் வீட்டுக் கூரைக்குக் கீழேதான்.